ஒரு மணி ஐந்து நிமிடத்தில் மாஹே

என் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தபோது கூடவே மாஹேக்கு மாற்றலும் வந்தது. புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இது புது விஷயமில்லை. ஒரு படி மேலே ஏற வேண்டுமென்றால் காரைக்காலிலோ மாஹேயிலோ ஏனாமிலோ கொஞ்ச காலம் இருந்துவிட்டு வர வேண்டும். காரைக்கால் கிடைத்தவர்கள் ஆபீசில் ஸ்வீட் கொடுப்பார்கள். மற்ற இரண்டு ஊர் கிடைத்தவர்கள் முதலில் லீவு போடுவார்கள், பிறகு யாரையாவது போய்ப் பார்ப்பார்கள், கடைசியில் பெட்டியைக் கட்டுவார்கள். அவள் லீவும் போடவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. ஆர்டர் காகிதத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள்.

"எவ்ளோ தூரம்மா அது?" என்று கேட்டேன்.

"கேரளா பக்கம்ங்க. ஆனா நம்ம ஊருதான்."

"நம்ம ஊருன்னா, காலைல கெளம்புனா பொழுதோட போய்ரலாமா?"

"நம்ம ஊருன்னு சொன்னது கவர்மெண்ட் கணக்குல. பஸ்ஸு கணக்குல இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. முத்தியால்பேட்டையில் வண்டி சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பைக், ஸ்கூட்டர், ஆட்டோ எதுவானாலும் ரெக்சின் வெட்டி, ஃபோம் வைத்துத் தைத்துக் கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினேன். வீட்டில் கஷ்டம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில், ஒன்பதாவதில் கணக்கு பயங்கரமாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து நின்றுவிட்டேன். பயம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை நாலு முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஐந்தாவது முறையும் இழுப்பேன். ஒரு சீட்டைத் தைத்துக் கொடுத்தால், அந்த வண்டி அரியாங்குப்பம் பாலத்தில் போகும்போது சீட் கழன்றுவிட்டதோ என்று இரண்டு நாள் யோசிப்பேன். இப்படிப்பட்டவனைத்தான் பி.காம். படித்த ஒருத்தி கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதனால் என் கவலை முழுவதும் சிந்தாமல் சிதறாமல் அவள் ஒருத்திக்கே போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குப் படுக்கப் போவதற்கு முன் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுச்சேரியிலிருந்து மாஹே எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ரோட்டில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் என்றது. ரயிலில் பதினைந்து மணி நேரம். அந்த ரயிலும் தினமும் கிடையாது. விரலால் இன்னும் கீழே தள்ளினேன். அங்கே ஒரு பக்கத்தில் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் குறுக்கே வெட்டி ஒரு கோடு போட்டிருந்தார்கள். இந்தக் கடலோரம் ஒரு புள்ளி, அந்தக் கடலோரம் ஒரு புள்ளி, கோட்டின் மேல் குட்டியாக ஒரு விமானம். நேர்கோட்டில் நானூற்று எழுபது கிலோமீட்டர். விமான நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம்.

அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. பஸ்ஸில் விழுப்புரம் போய் இறங்குவதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. மறுநாள் கடைக்குப் போனவுடன், ரெக்சினில் கோடு போடும் சாக்பீஸால், மரப் பீரோவின் கதவுக்கு உள்பக்கம் '1.05' என்று எழுதி வைத்தேன்.

அவள் கிளம்பினாள். மாஹேயில் அவளைப் போலவே புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு அக்காவோடு ஒரு வீட்டில் தங்கினாள். அந்த அக்காவுக்கு வீடு அரியாங்குப்பம். ரிடையர் ஆக இரண்டு வருடம்தான் பாக்கி. இங்கிருந்து யார் மாஹேக்குப் போனாலும், அவர்கள் எந்த ஆபீசாக இருந்தாலும், அவர்கள் கையில் வடகமும் இட்லிப் பொடியும் கொடுத்தனுப்புவது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. அங்கிருந்து வருகிறவர்கள் கையில் நேந்திரங்காய் சிப்ஸ் வரும். இன்றுவரை பெயர் தெரியாத எத்தனையோ பேர் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "மாஹே பார்சல் சார்" என்று நீட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு சொல்தா வீடு இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பெரியவர் வருடத்துக்கு ஒரு தடவை பாரீசில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வருவார். அவருடைய பழைய ஸ்கூட்டர் சீட்டை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். அளவெடுக்கும்போது கேட்டார்.

"ஊட்டுக்காரம்மா மாஹேவா? எத்தினி மணி நேரமாம்?"

"ரயில்ல பதினஞ்சு சார்."

"மெட்ராசுல ஏறுனா எம்மவ ஊட்டுக்குப் பத்து, பதினோரு மணி நேரத்துல போயிடுவேன். பொண்டாட்டிய பாரீசுக்கு மாத்தச் சொல்லுய்யா, பக்கத்துல இருப்பா."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிளேனில் ஒரு மணி நேரம்தான் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது யோசிக்கவுமில்லை.

தினமும் சாயங்காலம் கடையில் லைட்டைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிடுவேன்.

"எங்க இருக்க?"

"நடந்து ஊட்டுக்குப் போயினு இருக்கேன்."

"இருட்டிப் போச்சே, ஆட்டோ புடிக்கக் கூடாதா?"

"உங்களுக்குத்தாங்க இருட்டிப் போச்சு. இங்க இன்னும் நல்லா வெளிச்சமா இருக்கு."

முதலில் என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். வீடியோவில் காட்டினாள். நிஜமாகவே வெளிச்சம் இருந்தது. சூரியன் எங்கள் பக்கம் கடலில் எழுந்து அவள் பக்கம் கடலில் இறங்குகிறது, அதனால் அங்கே கால் மணி நேரம் தாமதமாகத்தான் இருட்டும் என்று அவள்தான் விளக்கினாள். அந்தக் கால் மணி நேரத்துக்குள் அவள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவாள். பூட்டு திறக்கும் சத்தம் போனில் கேட்கும். அதன் பிறகே நான் ஊசியைக் கையில் எடுப்பேன்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அவளுக்குக் காய்ச்சல் என்றால் பீரோக் கதவைத் திறந்து எண்ணைப் பார்ப்பேன். அங்கே மழை என்று செய்தியில் சொன்னால் பார்ப்பேன். ஏதாவது ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் அவள் முன்னால் போய் நின்றுவிடலாம் என்ற தைரியத்தில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். இதில் வேடிக்கை என்னவென்றால், என் கடைக்கு அடுத்த கடை ஜெராக்ஸ் கடை. அதை நடத்தும் பாய் பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பவர். தினமும் இரண்டு முறை அவரோடு டீ குடிக்கிறேன். மாஹேக்கு விமானம் எத்தனை மணிக்கு என்று ஒரு நாள்கூட அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது.

ஒரு நாள் காலை, கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அரியாங்குப்பத்து அக்கா போன் செய்தார்.

"தம்பி, தங்கச்சியோட பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டு ஊட்டுலதான் இருக்காம். ஒரு போட்டோ புடிச்சு வாட்ஸப்ல போடுங்க. டாக்டரு கேக்குறாரு."

"எந்த டாக்டருக்கா?"

"ஐயையோ, உங்களுக்குச் சொல்லலியா அது?" என்றார்.

பித்தப்பையில் கல். ஆறு மாதமாகவே வலி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். நாளைக் காலையில் ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளை உள்ளே கொண்டு போவதற்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் மண்டையில் நின்றது. அன்றைக்கு ரயில் இல்லாத நாள். பஸ் என்றால் மூன்று ஊரில் மாற வேண்டும். எங்காவது ஒரு பஸ்ஸை விட்டாலும் முடிந்தது. ஆனால் நான் ஆச்சரியப்படும் அளவுக்கு நிதானமாக இருந்தேன். என்னிடம்தான் ஒரு மணி ஐந்து நிமிடம் இருக்கிறதே.

ஜெராக்ஸ் கடைக்குள் போய், "பாய், மாஹேக்கு ஒரு பிளேன் டிக்கெட் போடுங்க. இன்னிக்கே" என்றேன்.

பாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மாஹேல ஏர்போர்ட்டு எங்கய்யா இருக்கு?"

"ஒரு மணி நேரம்தான் பாய். போன்லயே போட்ருக்கான்."

போனை எடுத்துக் காட்டினேன். அந்தக் கோடு, இரண்டு புள்ளிகள், குட்டி விமானம். பாய் வாங்கிப் பார்த்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் குரலைத் தணித்துக்கொண்டு, பேரனுக்குப் பாடம் சொல்பவர்போலச் சொன்னார்.

"இது கணக்குய்யா. பிளேன் போனா இவ்ளோ நேரமாகும்னு கணக்கு போட்டுப் போட்ருக்கான். பிளேன் போவுதுன்னு சொல்லல. ஏர்போர்ட்டே இல்லாத ரெண்டு பட்டிக்காட்டப் போட்டாலும் இதே மாதிரி ஒரு கோடு கிழிச்சுத் தருவான்."

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆபரேஷனைக் கேட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. ஒரு வருடமாக எதைப் பிடித்துக்கொண்டு நின்றேனோ அது வெறும் கோடு.

விஷயத்தைச் சொன்னேன். பாய் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பின்னால் ஆதாரை ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் நின்றிருந்தாள். "செத்த இரும்மா, இவுரு சம்சாரத்துக்கு ஆபரேஷன்" என்றார். அந்தப் பெண்ணும் ஜெராக்ஸை மறந்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"மதியம் நம்ம லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுலேர்ந்து ஒரு பிளேன் இருக்கு. ஐதராபாத்து. அங்கேர்ந்து கண்ணூர். சாயங்காலம் எறங்கி டாக்சி புடிச்சா ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரி."

"ஐதராபாத்தா? அது மேல இல்ல இருக்கு பாய்? மாஹே நேரா மேக்கால இல்ல?"

"மேக்கால போறதுக்கு வடக்கால போவணும். போறியா, கணக்கு பாத்துட்டு இருக்கியா?"

"எதுனா ஆச்சுன்னா?"

"ஆவட்டும். போயிட்டே ஆவட்டும். ஆதார் கார்ட எடு."

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, போட்டோ அனுப்பினேன். ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு வந்தேன். பாய் கடையை அந்தப் பெண்ணையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். வழியில் என் கடைப் பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். "நான் இழுத்துப் பாத்துக்கறேன், எத்தினி வாட்டின்னு மட்டும் சொல்லு" என்றார்.

விமானம் சின்னது. இரண்டு பக்கமும் பெரிய விசிறி. உட்கார்ந்ததும் என் கை தானாக சீட்டைத் தடவியது. பயம் வந்தால் கை வேலையைத் தேடும். நல்ல தையல். இரட்டைத் தையல், நூல் எங்கேயும் தளரவில்லை, மூலையை மடித்த விதத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இவ்வளவு கவனமாகச் சீட் தைத்தவர்கள் இஞ்சினையும் கவனமாகத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். அவள் மாஹே போன நாளிலிருந்து அந்த போன் அணைந்ததே இல்லை. குளிக்கும்போதுகூட வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருக்கும்.

மேலே ஏறின கொஞ்ச நேரத்தில் என்னவோ நடந்தது. இனி யாரும் என்னைக் கூப்பிட முடியாது. கெட்ட செய்தி வந்தாலும் கீழேயே நிற்கும். நானும் யாரையும் எங்க இருக்க என்று கேட்க முடியாது. கவலைப்பட எனக்கு ஒரு வழியும் இல்லை. கீழே கட்டம் கட்டமாக வயல், பிறகு மேகம். பக்கத்து சீட்காரர் எழுப்பும்போது ஐதராபாத் வந்திருந்தது. பகலில் நான் தூங்கினேன் என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் நம்புவதில்லை.

ஐதராபாத்தில் போனைப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து பயம் தொடர்ந்தது. அந்த விமான நிலையத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எட்டு பேரிடமாவது கேட்டிருப்பேன். எட்டு பேரும் ஒரே பக்கத்தைத்தான் காட்டினார்கள். அக்காவிடம் மட்டும் வருவதைச் சொன்னேன். "அதுக்குச் சொல்லிடாதீங்கக்கா, வேணாம்னு சொல்லிடும்" என்றேன். "நான் ஒரு வாட்டி சொல்லி மாட்டிக்கினது போதும் தம்பி" என்றார்.

கண்ணூரில் இறங்கியபோது வெளிச்சம் இருந்தது. டாக்சிக்காரர் மலையாளத்திலேயே பேசிக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறினேன். அறைக் கதவைத் தள்ளினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு அக்காவுக்கு ஏதோ ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தலை நிறைய எண்ணெய், இறுக்கமான பின்னல். நான் பயந்துகொண்டு வந்த எதுவும் அங்கே இல்லை.

என்னைப் பார்த்ததும் கதை நின்றது.

"எப்டி வந்தீங்க?"

"பிளேன்ல."

"மாஹேக்கு ஏது பிளேனு?"

"ஐதராபாத் போயி வந்தேன்."

இரண்டு நொடி என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வலது பக்கம் விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது, அக்கா அவர வெளிய போவச் சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எல்லாமே சிரிப்பில் வந்ததில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்று கண்ணூரிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். குரல் வேறு மாதிரி வந்தது.

அவள் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். கையில் அட்டையில் செருகிய காகிதங்கள். நாளைக் காலை ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா போடுவதாக இருந்தது. "இவரு ஊட்டுக்காரரு, இவரே போடட்டும்" என்று அக்கா என்னைக் காட்டினார். நர்ஸ் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "சேட்டா, இவிடெ ஒப்பு" என்று கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைத் தொட்டாள்.

இங்கிலீஷில் நெருக்கி நெருக்கி அச்சடித்த மூன்று பக்கம். எழுத்துக் கூட்டிக் கடைப் பெயர்ப்பலகை படிப்பேன். அதற்கு மேல் எனக்கு வராது. ஆனால் எண் போட்டு வரிசையாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் அது என்னவென்று புரிந்துவிட்டது. ஆபரேஷனில் என்னென்ன ஆகலாம் என்ற பட்டியல். வாழ்நாள் முழுக்க மனசுக்குள் நான் எழுதிவந்த பட்டியலை யாரோ அச்சடித்து வைத்தது போல இருந்தது.

"இதாங்க," என்றாள் அவள். "இத உங்க கைல குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்லல. இதப் படிச்சா நீங்க ஆறு மாசம் தூங்க மாட்டீங்க. எனக்குக் கல்லு வலிய விட இது வலி."

"படி," என்றேன். "என்னன்னு தெரியாம போட மாட்டேன்."

"வேணாங்க."

"படிம்மா."

அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் எண்ணில் விரலை வைத்தாள். "மயக்க மருந்து குடுத்தா வாந்தி வரலாம்." அடுத்து, "தையல் போட்ட எடத்துல ரெண்டு நாளைக்கு வலிக்கும்." அடுத்து, "லேசா ஜுரம் அடிக்கலாம்." ஆபீசில் சர்க்குலர் படிக்கும் குரலில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். மூன்றிலிருந்து விரல் ஏழுக்குப் போனது. "தோள்பட்டைல காத்து புடிச்ச மாதிரி இருக்கும், அதுவா போய்டும்." எட்டு, ஒன்பது இல்லை. பத்து. "பொறவு கொஞ்ச நாளைக்கு எண்ணெப் பண்டம் ஆவாது."

எண்கள் எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் விரலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்று கேட்டேன்.

"அவ்ளோதாங்க."

என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். நான் பேனாவை வாங்கி, கோட்டின் மேல் என் பெயரைத் தமிழில், ஒரு எழுத்தும் கோணாமல் எழுதினேன். அதற்கு அடுத்த கட்டத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. அதை எப்படி எழுதுவது என்று அவளைப் பார்த்தேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு அவளே எழுதினாள்.